கொட்டகையில் நிற்கும் பழைய மிலிட்டரி நிஸானை எழுப்புவது எப்படி?

தம்பி, பேட்டரி வாங்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதை இப்போதைக்கு மாட்டாதீர்கள்.

நீங்கள் கேட்டது இதுதான். கானாடுகாத்தானில் வீட்டுப் பின்தெருக் கொட்டகையில் உங்கள் ஐயா ராணுவ ஏலத்தில் எடுத்த ஒரு டன் நிஸான் லாரி இருபது வருடத்துக்கு மேலாக நிற்கிறது. பெட்ரோல் ஊற்றிச் செல்ஃப் அடித்தால் ஓடுமா, டீசல் இஞ்சின் போடலாமா, பழைய பச்சை நிறமே அடிக்கலாமா, பர்மா யுத்தத்தில் ஓடிய வண்டி என்று வீட்டில் சொல்வது உண்மையா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் சுலபம். டேஷ்போர்டில் இருக்கும் தகட்டின் படத்தில் ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையின் பெயர் தெளிவாகத் தெரிகிறது. ஜப்பானின் நிஸான் உரிமத்தில் நம் ராணுவத்துக்காக ஜபல்பூரில் செய்த வண்டி அது. அதே ஜபல்பூரில்தான் 1959-இல் ஜெர்மனியின் மான் கம்பெனி உரிமத்தில் சக்திமான் லாரி வெளிவந்தது, பிறகு ஜோங்கா என்ற ராணுவ ஜீப்பும் வந்தது. ஆகவே உங்கள் வண்டி சுதந்திர இந்தியாவின் வண்டி. பர்மா கதை எங்கிருந்து ஒட்டியிருக்கும் என்பது புரிகிறது. உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் கிடக்கிறது, 1942-இல் ரங்கூனிலிருந்து நடந்தே வந்தவர்களின் கதை ஒவ்வொரு வளவு வீட்டிலும் உண்டு. போர் முடிந்ததும் ஃபோர்டு, செவர்லே, வில்லிஸ் என்று நேசப்படை விட்டுப்போன வண்டிகள் நாடு முழுக்க ஏலம் போனதும் நிஜம். உங்கள் வண்டி அந்தக் கூட்டத்தில் சேராது. அதனால் மதிப்புக் குறைந்துவிடாது. உதிரிபாகம் கிடைக்கும் என்பதால் எனக்கு இதுதான் நல்ல செய்தி. 3956 சிசி, ஆறு சிலிண்டர், பெட்ரோல். ஜோங்காவிலும் இதே இஞ்சின்தான். கடையில் போய் 'நிஸான் ஒன் டன்' என்றால் விழிப்பவர்கூட 'ஜோங்கா' என்றால் எழுந்து உள்ளே போய்த் தேடுவார்.

ஸ்பேனரைத் தொடும் முன் காகிதத்தைத் தேடுங்கள். ராணுவத்தில் இருந்தவரை அந்த வண்டிக்கு ஆர்டிஓ பதிவு இருந்திருக்காது. பாதுகாப்புத் துறை வண்டிகளுக்குத் தனிப் பதிவு, 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் அது 60-ஆவது பிரிவு. அம்புக்குறி போட்ட நம்பர் அப்படி வந்ததுதான். ஏலத்தில் எடுத்தபின் விற்பனைக் கடிதத்தை வைத்துச் சிவில் பதிவு வாங்கியிருக்க வேண்டும். அந்தக் கடிதமும் ஆர்சி புத்தகமும் ஐயாவின் இரும்புப் பெட்டியில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. சேசிஸ் நம்பரும் இஞ்சின் நம்பரும் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று வண்டியிலேயே பாருங்கள். ராணுவப் பணிமனைகளில் இஞ்சினைக் கழற்றி வேறு இஞ்சின் போடுவது சாதாரணம், நம்பர் மாறியிருக்கலாம். காகிதம் எதுவுமே இல்லையென்றால் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாமல் முதலில் காரைக்குடி ஆர்டிஓ அலுவலகத்தில் போய் உட்காருங்கள். 2021-இல் வந்த பழம்பெரும் வண்டி விதியைப் பற்றிச் சிலர் உங்களிடம் சொல்வார்கள்: ஐம்பது வருடம் தாண்டியிருந்தால் 20,000 ரூபாய் கட்டித் தனி வரிசை நம்பர் வாங்கலாம், பத்து வருடம் செல்லும், கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் மட்டும் ஓட்டலாம். ஆனால் அந்த விதி இரு சக்கர வண்டிகளையும் சொந்த உபயோகக் கார் வகைகளையும் வைத்து எழுதியது. சரக்கு வண்டியாகப் பதிவான லாரி அதில் நேராகப் பொருந்தாது. பணம் கட்டும் முன் கேட்டுத் தெளியுங்கள்.

சரி, வண்டிக்கு வருவோம். துருவைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் பயப்படுகிறீர்கள். படங்களைப் பார்த்தால் சேசிஸில் மேல்துருதான் இருக்கிறது, எங்கும் அடுக்கடுக்காக உரியவில்லை. நம் சீமையில் அப்படித்தான். ஐப்பசி, கார்த்திகை மழை போனால் மீதி மாதமெல்லாம் காய்ந்த வெயில்தான், கடலும் பக்கத்தில் இல்லை. அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில் 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம், அரிமானத்தை ஆராய்வதற்கே பேர்போன இடம், காரைக்குடியில் இருக்கிறது. அவர்களே இரும்பு எப்படி அரிக்கிறது என்று வெளியில் வைத்துப் பார்க்க மண்டபம் கடற்கரையில் தனியாக ஒரு நிலையம் வைத்தார்கள். இதே நிஸான் ராமேஸ்வரத்திலோ தொண்டியிலோ இருபது வருடம் நின்றிருந்தால் நான் பழைய இரும்புக் கடை நம்பரைத்தான் கொடுத்திருப்பேன்.

இங்கே இரும்பைக் காப்பாற்றும் அதே வெயில் ரப்பரைக் கொன்றுவிடும். அதுதான் உங்கள் வண்டியின் நிஜமான வியாதி. வெளியே பார்த்தால் வண்டி முழுசாக நிற்கும். உள்ளே பிரேக் கப், ஹோஸ், ஆயில் சீல், பம்ப் டயாபிரம், இஞ்சின் மவுண்ட், டயர் என்று ரப்பரில் செய்த எதுவும் உயிரோடு இருக்காது. ஆகவே என் வரிசை இப்படி: முதலில் வண்டி நிற்க வேண்டும், அப்புறம்தான் ஓட வேண்டும். ஊர் மெக்கானிக்குகள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். இஞ்சின் சத்தம் கேட்டால்தான் முதலாளி முகம் மலரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

நாலு சக்கரத்தின் பிரேக் டிரம்மையும் கழற்றுங்கள். பழைய ஷூ லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏர் அடித்து ஊதக் கூடாது, தண்ணீரில் நனைத்துத் துடைத்து எடுங்கள். வீல் சிலிண்டரைப் பிரித்தால் உள்ளே பிரேக் ஆயில் பழுப்புக் கூழாகி பிஸ்டன் ஒட்டியிருக்கும். சிலிண்டர் சுவரில் நகம் மாட்டுகிற அளவுக்குக் குழி இருந்தால் புதுக் கப் போட்டும் பயன் இல்லை. புது சிலிண்டர் தேடுங்கள், அல்லது லேத்தில் கொடுத்துப் பித்தளை ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். காரைக்குடியில் அதைச் செய்யும் பட்டறைகள் உண்டு. அளவு சரியாக வர வேண்டும் என்பதால் அவசரப்படுத்தாதீர்கள். அந்தக் காலத்து வண்டிகளில் நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் சர்க்யூட்தான். ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். அதனால் ஹோஸ் எல்லாமே புதிது, குழாய்களும் புதிது, மாஸ்டர் சிலிண்டரும் பிரித்துப் பார்த்தது. ஒன்று நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவைக்கும் பேச்சே வேண்டாம். டாட் 3 பிரேக் ஆயில் ஊற்றி லைனில் உள்ள காற்றை எடுத்தபின், ஒருவர் பெடலை முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே இருக்க, இன்னொருவர் டார்ச்சோடு கீழே படுத்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்க்கட்டும். அந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

சக்கரத்தைப் பற்றிச் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள், ஆள் செத்துப்போகிற விஷயம் இது. மிலிட்டரி வண்டிகளில் இரண்டு பாதியாகச் செய்து போல்ட் போட்டு இணைத்த ரிம் வரும். லாரிகளில் லாக் ரிங் வைத்த ரிம் வரும். காற்று உள்ளே இருக்கும்போது ரிம்மை இணைக்கும் போல்ட்டைக் கழற்றினால் பாதி ரிம் பீரங்கிக் குண்டாகப் பறக்கும். எந்த போல்ட் ஆக்ஸிலோடு சக்கரத்தைப் பிடிக்கிறது, எது ரிம்மைப் பிடிக்கிறது என்று முதலில் அடையாளம் போடுங்கள். வால்வ் உள்ளே இருக்கும் பின்னையே பிடுங்கி, கம்பி விட்டுக் குத்திப் பார்த்து, காற்று முழுக்க வெளியேறியது என்று உறுதி செய்தபின்தான் வேறு எதையும் தொட வேண்டும். திரும்பக் காற்றடிக்கும்போது இரும்புக் கூண்டு உள்ள கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். டயரின் பக்கவாட்டில் தேதிக் குறி இருக்கும். 2000-க்குப் பிந்தைய டயரில் நான்கு இலக்கம், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். மூன்றே இலக்கம் இருந்தால் போன நூற்றாண்டு டயர். பட்டன் (தரையில் படும் ரப்பர் வரி) எவ்வளவு உயரமாக இருந்தாலும் அதில் சாலையில் ஏறாதீர்கள்.

டேங்கைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பழைய பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கும், அடியில் கோந்து மாதிரி உறைந்திருக்கும். இறக்கி, காலி செய்து, உள்ளே சுத்தம் செய்யாமல் ஒரு சொட்டுப் புதுப் பெட்ரோல் ஊற்றக் கூடாது. காலி டேங்கில் வெல்டிங் வைக்க யாராவது வந்தால் துரத்திவிடுங்கள். உள்ளே இருக்கும் ஆவி போதும் வெடிக்க. இப்போது பங்கில் கிடைப்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பரையும் டயாபிரத்தையும் ஊறவைத்துக் கெடுக்கும், ஈரத்தை இழுக்கும், ஈரம் அதிகமானால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். எத்தனாலைத் தாங்கும் ஹோஸும் டயாபிரமும் கேட்டு வாங்குங்கள். மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் கார்புரேட்டரைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-த்தோடு நாடு முழுக்க நின்றுபோனது. இந்த இஞ்சினின் வால்வ் சீட் அந்தக் காலத்துக்குச் செய்தது. மெதுவாக ஓட்டும் வண்டிக்கு அதனால் உடனே ஒன்றும் ஆகாது. என்றைக்காவது ஹெட்டைக் கழற்றினால் அன்றைக்குக் கடினச் சீட் போட்டுவிடலாம்.

இனி இஞ்சின். ஆறு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் இஞ்சின் ஆயிலும் டீசலும் கலந்து விட்டு, சில நாள் ஊறவிடுங்கள். அப்புறம் கிராங்க் ஹேண்டில் போட்டு மெல்ல அசைத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் இன்னும் ஊறட்டும். கியரில் போட்டு டிராக்டரால் இழுத்துப் பார்க்கலாம் என்று ஒருவர் கட்டாயம் யோசனை சொல்வார். ரிங் உடைவதற்கும் ராடு வளைவதற்கும் அதைவிடக் குறுக்குவழி கிடையாது. சுற்ற ஆரம்பித்ததும் ராக்கர் கவரைத் திறந்து எல்லா வால்வும் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். ஒன்று மேலேறாமல் ஒட்டியிருந்தால் புஷ் ராடு வளையும். சம்ப்பை (இஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) கழற்றி அடியில் உள்ள கறுப்புச் சேற்றை வழித்து எடுங்கள். இதைச் செய்யாமல் புது ஆயிலை ஊற்றினால் அது பழைய அழுக்கைக் கரைத்து ஆயில் வழியில் கொண்டுபோய் அடைக்கும். பிறகு 20டபிள்யூ-40 ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமலே செல்ஃப் அடித்து, ஆயில் பிரஷர் முள் எழும்பும்வரை சுற்றுங்கள். முதல் தடவை பேட்டரிக்கு வேலை வருவது இங்கேதான்.

கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் ஏறும் அழுத்தம், பாருங்கள். எத்தனை பவுண்டு என்பதைவிட ஆறுக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் முக்கியம். ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாக இருந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ். இரண்டு பக்கத்துச் சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட். இதைத் தெரிந்துகொள்ளாமல் 'போர் பண்ணி பிஸ்டன் மாத்திடலாம் சார்' என்று ஆரம்பிப்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். இருபது வருடம் நின்ற இஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகு ரிங் இளகி கம்ப்ரஷன் தானாகவே கூடுவது உண்டு.

டிஸ்ட்ரிப்யூட்டரில் பாயிண்டைத் தேய்த்து இடைவெளி வையுங்கள், கண்டன்சர் புதிது போடுங்கள், பிளக் வயர் வரிசை 1-5-3-6-2-4. ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்ய ஆசை வரும். வரட்டும். ஆனால் கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடியுங்கள், எதிர்ப்பக்கம் சுற்றிப் பிடிக்காதீர்கள், கீழிருந்து மேலே இழுங்கள். இஞ்சின் திருப்பி உதைத்தால் கை விடுபட்டுவிடும். கட்டைவிரல் சுற்றியிருந்தால் மணிக்கட்டு போகும்.

ரேடியேட்டருக்கு நம் போர்வெல் தண்ணீர் ஆகவே ஆகாது. உப்புப் படிந்து வாட்டர் ஜாக்கெட்டே சுண்ணாம்புக் காரை பூசினது போல் அடைத்துக்கொள்ளும். கார் கம்பெனிகள் டிஸ்டில்டு வாட்டர் என்று சொல்வதற்கு உங்கள் வீட்டிலேயே மாற்று இருக்கிறது. வளவு முற்றத்தில் விழும் மழையைத்தான் நம் வீடுகளில் அண்டாவில் பிடித்துவைப்பார்களே, முதல் மழையை விட்டுவிட்டு அடுத்த மழையில் பிடித்து, வடிகட்டி, பித்தளை ரேடியேட்டருக்கு ஒத்துவரும் என்று டப்பாவில் போட்டிருக்கும் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். நமக்குப் பனி உறைகிற கவலை இல்லை, துருவுக்காகத்தான் கூலன்ட். சூடு ஏறுகிறது என்றால் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிப் போடுவது இங்கே வழக்கம். செய்யாதீர்கள். சூட்டுக்குக் காரணம் அடைபட்ட ரேடியேட்டர், அதைக் கழற்றிக் கொடுத்து ராடு விட்டுக் குழாய்களைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். சித்திரை வெயிலில் நின்ற வண்டி திரும்ப ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் செய்தால் பெட்ரோல் லைனில் ஆவி அடைத்திருக்கும். பம்ப்பில் ஈரத்துணி சுற்றினால் எழும். லைனை மேனிஃபோல்டிலிருந்து தள்ளிக் கொண்டுபோனால் அந்தத் தொல்லையே வராது.

வயரிங்கில் அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. எலி விட்டுவைத்தது எதையும் நம்பாமல் முழுசாகப் புதிது இழுத்துவிடுங்கள். அதற்கு முன் பேட்டரிப் பெட்டியைப் பார்த்து 12 வோல்ட்டா, இரண்டு பேட்டரி தொடராகப் போட்ட 24 வோல்ட்டா என்று தெரிந்துகொள்ளுங்கள். பின் ஆக்ஸிலின் குண்டு வெள்ளையாக இருக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். இரவில் விளக்கணைத்து வரிசையாகப் போகும்போது பின்னால் வரும் டிரைவர் பார்த்து ஓட்டுவதற்காக அடித்த வெள்ளை அது. மேலே ஒரு சின்ன விளக்கும் இருந்திருக்கும். அதை மட்டும் அப்படியே வையுங்கள்.

கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்ஸிலுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி), இரண்டு ஆக்ஸில், நாலிலும் ஆயிலை மாற்றுங்கள். 90-ஆம் நம்பர் ஆயில் வாங்கும்போது கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 என்று கேளுங்கள். ஜிஎல்-5-இல் உள்ள சேர்க்கை சில பித்தளைப் பாகங்களைத் தின்னும். ஃபோர்வீல் லிவரைத் தார்ச்சாலையில் போடாதீர்கள். முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்வதால் வளைவில் எங்கேயாவது முறுக்கித்தான் ஆக வேண்டும், சாலை வழுக்காது, உடைவது டிரான்ஸ்ஃபர் கேஸாக இருக்கும். கண்மாய்க்கரைச் சேறு, மணல், அங்கே போடுங்கள்.

பின்பாடியின் பலகையைக் கறையான் தின்றிருப்பதைப் பார்த்தேன். நம் ஊரில் இதற்கு ஆசாரிக்குப் பஞ்சம் இல்லை. பழம்பொருள் கடைகள் உள்ள காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இடித்த வீட்டுத் தேக்குப் பலகை கிடைக்கும். லாரித் தளத்துக்குப் பர்மா தேக்கு வீண் என்பது என் கருத்து, ஆனால் ஐயா வண்டி, உங்கள் பிரியம். அதே தெருக்காரர்கள் உங்கள் டேஷ் தகடு, பழைய ஹெட்லைட், ஜெர்ரி கேன் எல்லாவற்றுக்கும் விலை கேட்பார்கள். கொடுக்காதீர்கள், தகடு போன வண்டிக்கு அடையாளம் போச்சு. கொட்டகைத் தரை மண்ணாக இருந்தால் செம்பூராங்கல் பாவி, அதன்மேல் சேசிஸுக்கு ஸ்டாண்டு கொடுத்து நிறுத்துங்கள்.

நிறம். ராணுவப் பச்சை அடிக்க முடியாது. மத்திய மோட்டார் வாகன விதி 121 அந்த ஆலிவ் பச்சையைப் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும் வைத்திருக்கிறது. அம்புக்குறி நம்பரும் படைப்பிரிவுச் சின்னமும்கூட வேண்டாம். போலீஸ் நிறுத்தினால் விளக்கம் சொல்லிக் கரை சேர முடியாது. நானாக இருந்தால் செம்மண் நிறம் அடிப்பேன், புழுதி படிந்தாலும் தெரியாது. நிறத்தைவிட அடியில் போகும் வேலைதான் பேசும். தளர்ந்த துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் எடுத்து, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கி பூசி, கழுவி, காய்ந்ததும் துத்தநாகப் பிரைமர். துருவுக்கு மேலேயே தார் அடித்து மூடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டு மேலே பளபளவென்று இருக்கும்போதே தகடு ஓட்டை விழும்.

டீசல் இஞ்சின் கேள்வி. செய்திருக்கிறார்கள், ஓடுகிறது. லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்தால் பெரிது என்னும் பெட்ரோல் வண்டியை வைத்துச் செங்கல் ஏற்றிப் பிழைக்க வேண்டுமென்றால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி ஆர்டிஓ அனுமதி வேண்டும், இல்லாமல் மாற்றினால் ஆர்சியும் இன்சூரன்ஸும் செல்லாமல் போகலாம். புது இஞ்சினின் முறுக்கு பழைய கியர்பாக்ஸுக்கும் புரொப்பெல்லர் ஷாஃப்டுக்கும் ஒத்துவர வேண்டும், மவுண்டை வெட்டி ஒட்ட வேண்டும். நீங்கள் எழுதியிருப்பது வருடத்தில் சில தடவை குன்றக்குடிக்கும் பிள்ளையார்பட்டிக்கும் ஓட்டுவதற்காக. அதற்கு இந்தப் பெட்ரோல் இஞ்சினே போதும், சத்தமும் அழகாக இருக்கும்.

ஓடத் தொடங்கியபின் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெளியே எடுங்கள். கொட்டகையில் நின்றபடி ஐந்து நிமிடம் ஓட்டி அணைப்பதால் கெடுதல்தான், ஆயிலில் தண்ணீர் சேரும். ராங்கியம் வரையாவது போய் நன்றாகச் சூடாக்கித் திரும்புங்கள். மழைக்காலம் தொடங்கும் முன் எல்லாக் கிரீஸ் நிப்பிளிலும் பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடியுங்கள், கமான்பட்டைக்கு இடையில் ஆயில் விடுங்கள். தேர்த் திருவிழாவுக்குப் பங்காளிகளை எல்லாம் பின்னால் ஏற்றிக்கொண்டு போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். சரக்கு வண்டியாகப் பதிவு என்றால் கூடாது, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். பங்காளிகள் பஸ்ஸில் வரட்டும், நீங்கள் பூசணிக்காயும் அண்டாவும் ஏற்றிக்கொண்டு முன்னால் போங்கள்.